பொட்டு வைத்த பந்து

லண்டனில், குட்மேய்ஸில் "தேவராசா வீடு எது?" என்று கேட்டால், எந்தத் தேவராசா என்று திருப்பிக் கேட்பார்கள். "கோல்ஃப் துரை வீடு எது?" என்று கேட்டால் கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்து கையை நீட்டிக் காட்டுவார். தபால் பிரிக்கும் நிலையமொன்றில் இரவு ஷிப்ட் செய்யும் மனிதருக்கு இப்படியொரு பட்டம் கிடைத்ததில் நம்மவர்களுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாண வீடுகளில் அவர் சாப்பாட்டுத் தட்டோடு நடந்து வந்தால், யாராவது ஒருவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, இல்லாத மட்டையை ஓங்கி வீசிக் காட்டாமல் விடமாட்டார். தேவராசா இதற்கெல்லாம் கோபித்ததில்லை. கோபித்தால் பட்டம் இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் இந்த விளையாட்டுக்குள் வந்தது ஓர் அப்பிள் மரத்தால். வீட்டுப் பின்பக்கம் நின்ற மரத்தில் உச்சிக் கிளைப் பழங்கள் கைக்கு எட்டவில்லை. தட்டி விழுத்த நீளமாக ஏதாவது வேண்டுமென்று பழைய சாமான் விற்கும் சரிட்டி கடைக்குப் போனார். அங்கே மூலையில் ஓர் இரும்பு மட்டை சாய்ந்திருந்தது. அது என்ன சாமான் என்று தெரியாமலே வாங்கி வந்து பழம் தட்டினார். தட்டிய பழத்தில் ஒன்று புல்லில் உருண்டது. அதைச் சும்மா விட்டிருக்கலாம். மனுஷனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓங்கி ஒரு அடி. அப்பிள் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கூடாரத்துக்குள் ஒரு பெரிய ஓட்டை போட்டுக்கொண்டு போனது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில்கூட, அந்த அப்பிள் போன அழகுதான் அவர் மனதில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. அதன்பிறகு செவ்வாய்க்கிழமைதோறும், இரவு வேலை முடிந்த கையோடு, அவர் நேரே கவுன்சிலின் கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விடுவார்.

கோடையில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. தரை காய்ந்து கிடக்கும், பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். தேவராசா காத்திருப்பது ஒக்டோபருக்கு. வெயிலைத் தேடும் கூட்டம் வீட்டுக்குள் அடைந்ததும் மைதானம் முழுவதும் அவருக்கும் வாத்துகளுக்கும் சொந்தமாகிவிடும். ஓக் மரங்கள் மஞ்சளும் செம்மஞ்சளுமாக உதிர்த்துக் கொட்டும். காலையில் மூச்சு விட்டால் புகை. சப்பாத்துக்குக் கீழே இலைகள் நொறுங்குகிற சத்தம் அப்பளம் உடைகிற சத்தம்தான். பனி படிந்த புல்லில் பந்தை உருட்டினால் அது போன வழியெல்லாம் கரும்பச்சையாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்ப்பதற்காகவே அவர் சிலவேளை சும்மா உருட்டுவார். நடுவில் பிளாஸ்கைத் திறந்து இஞ்சி போட்ட தேநீரை ஊற்றி, முதல் மிடறு தொண்டைக்குள் இறங்கும்போது, இரவு முழுக்க நின்ற கால்வலி எங்கே போனதென்றே தெரியாது.

ஆனால் அவருக்கும் ஒரு குறை இருந்தது. பிளேஸ்டோவிலிருந்து வரும் அவருடைய விளையாட்டுக் கூட்டாளி கஸ்பர், தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் ஒருநாள், தொடக்க மேட்டிலிருந்து ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டார். கோல்ஃப் விளையாடுகிற எவரும் உயிரை விட்டுக் காத்திருக்கும் அடி அது. ஆயுள் முழுக்க விளையாடியும் கிடைக்காமல் போனவர்கள்தான் அதிகம். கஸ்பருக்கு அது கிடைத்தது போதாதென்று, வாராவாரம் அதை முதல்முறை சொல்வதுபோலச் சொல்லவும் வேண்டியிருந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தது, எத்தனை தரம் பந்து துள்ளியது என்பதெல்லாம் தேவராசாவுக்கு மனப்பாடம். பத்து வருடமாக அவரும் அடிக்கிறார். குழியைக் காட்டும் கொடிக்குப் பக்கத்தில்கூட ஒன்று போய் நின்றதில்லை.

"நீ மட்டையைப் பாம்பைப் பிடிக்கிற மாதிரி நெரிக்கிறாய், மச்சான்," என்பார் கஸ்பர். "கையைத் தளர விடு. பந்து தானாப் போகும்."

தேவராசா தளர விடுவார். அடிக்கிற நேரம் வந்ததும் கை தானாக நெரிக்கும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஒக்டோபரில் வீட்டில் கோல்ஃபை விடப் பெரிய விஷயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மகள் வாணி, தன்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த அஷ்வினைத்தான் கட்டுவேன் என்று சொல்லியிருந்தாள். பையன் தமிழ்நாட்டுக் குடும்பம், விம்பிள்டன். அப்பா ஜம்புநாதன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்லும் டொக்டர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் வந்து நாள் குறிப்பதாக ஏற்பாடு. அதற்குள் வாணி எதையோ பேசப் போய், "அப்பா கோல்ஃப் விளையாடுவார்" என்று சொல்லிவிட்டாள். மறுநாளே ஜம்புநாதன் தொலைபேசியில் வந்தார். தானும் ஆறு மாதமாகப் பழகுவதாகவும், செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வருவதாகவும், இரண்டு பேரும் ஒரு ஆட்டம் போடலாமென்றும் சொன்னார்.

தேவராசாவுக்கு வாயெல்லாம் பல். மனைவி அருள்நாயகிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அருள்நாயகிக்கு இந்தியத் தமிழர்களை நேரில் அவ்வளவாகத் தெரியாது. தொலைக்காட்சியில் நன்றாகத் தெரியும். மாலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்று நாடகம் பார்ப்பவர். அந்த நாடகங்களில் மாப்பிள்ளை வீட்டார் சொம்புத் தண்ணீர் சரியில்லையென்றுகூடக் கல்யாணத்தை நிறுத்துவார்கள்.

"இஞ்சருங்கோ, வடிவாக் கேளுங்கோ," என்றார். "அவையள் மாப்பிள்ளை பகுதி. அதுவும் இந்தியாக்காரர். நீங்கள் அந்த மனுசனை விளையாட்டில வெண்டுபோட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டியளெண்டால், ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் வரமாட்டினம். தோத்திட்டு வாங்கோ."

"அந்தாள் ஆறு மாசம்தான் விளையாடுறார், நாயகி. எனக்குப் பத்து வருசம்."

"பத்து வருசம் விளையாடின மனுசனுக்குத் தோக்கத் தெரியாதோ?"

பக்கத்து அறையில் வாணி, மண்டபங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் பண்ணித் தையில் எந்த நாள் காலியென்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய குரலில் இருந்த சந்தோஷம் சுவரைத் தாண்டி வந்தது. பிள்ளையின் வாழ்க்கைக்கு முன்னால் ஒரு ஆட்டம் என்ன பெரிய ஆட்டம் என்று அவர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

திங்கள் இரவு லீவு எடுத்து நன்றாகத் தூங்கி எழுந்து, செவ்வாய் காலை மைதானத்துக்குப் போனால், அங்கே ஜம்புநாதன் ஏற்கெனவே வந்து நின்றார். கட்டம் போட்ட காற்சட்டை, வெள்ளைக் கையுறை, தொப்பி, ஆள் உயரத் தோல் பை. தேவராசா தன் பழைய மழைக் கோட்டைப் பார்த்துக்கொண்டார். வழக்கமான செவ்வாய்க் கூட்டாளி கஸ்பர், அன்றைக்கு இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டுத் தனியே முன்னால் போயிருந்தார்.

"என்ன குளிர், என்ன அழகு சார்!" என்றார் ஜம்புநாதன். "முப்பது வருஷமா இருட்டு ரூம்ல உட்கார்ந்து நெஞ்செலும்பு பார்த்தேன். வெளியில இப்படியெல்லாம் மரம் இருக்குன்னு யாருமே சொல்லலையே!"

அவர் முதல் பந்தை அடித்தார். ஒரு பிடி மண் பந்தை விடத் தூரமாகப் போனது. "அருமை!" என்று அவரே சிரித்தார். இந்த மனிதரிடம் தோற்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று தேவராசாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

குளத்துக்குள் போகட்டும் என்று ஏனோதானோவென்று ஒன்றை அடித்தார். பந்து தண்ணீரைத் தொட்டுத் துள்ளி அக்கரையில் ஏறி நின்றது. மரத்துக்குள் போகட்டும் என்று அடுத்ததை அடித்தார். அது கிளையில் மோதித் திரும்பி மைதான நடுவுக்கே வந்தது. தோற்கிற நினைப்பில் கை நெரிக்க மறந்துவிட்டது என்பதை அவர் உணரவில்லை. கஸ்பர் பத்து வருடம் தொண்டை கிழியச் சொன்ன தளர்வு, வெல்லக் கூடாது என்று நினைத்த அன்றைக்குத் தானாக வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஜம்புநாதன் கை தட்டினார். ஒவ்வொரு கைதட்டலுக்கும் தேவராசாவுக்கு வேர்த்தது.

ஏழாவது குழி கிட்டத்தில் இருப்பது. தொடக்க மேட்டிலிருந்து பார்த்தால் கொடி தெரியும். ஆனால் அந்த நேரம் வெயில் மரங்களுக்கு மேலால் ஏறி நேரே கண்ணில் குத்தியது. ஜம்புநாதனின் பந்து வலப்பக்கத்து இலைக் குவியலுக்குள் போய்ப் புகுந்தது. தேவராசா இடப்பக்கத்துப் புதரைக் குறிவைத்து, கொட்டாவி விடுகிறவர்போல மட்டையைத் தூக்கி வீசினார். பந்து எழும்பியது. வெயிலுக்குள் போனது. எங்கே விழுந்ததென்று இருவருக்கும் தெரியவில்லை.

"நீங்க முன்னாடி போங்க சார். நான் என்னுதைத் தேடிட்டு வரேன்," என்று ஜம்புநாதன் இலைக்குள் இறங்கினார்.

தேவராசா புதரைக் கிளறினார். இல்லை. இலைகளைக் காலால் ஒதுக்கிப் பார்த்தார். அங்கும் இல்லை. கொடி நிற்கும் பச்சைத் தரைக்கு வந்தார். வெறுமையாகக் கிடந்தது. திரும்பப் போகிறவரை ஏதோவொன்று இழுத்தது. பத்து வருடம் விளையாடிய எவருக்கும் இருக்கும் அசட்டு ஆசைதான். கொடிக்குக் கிட்டப் போய்க் குனிந்து குழிக்குள் பார்த்தார்.

கொடிக்கம்பத்தை ஒட்டிக்கொண்டு பந்து உள்ளே இருந்தது. தன் பந்து என்று அறிய அவர் சிவப்புப் பேனையால் வைக்கும் பொட்டு, நேரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காது அடைத்துப் போயிற்று. கத்த வேண்டும்போலிருந்தது, ஓட வேண்டும்போலிருந்தது, கஸ்பரின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து காட்ட வேண்டும்போலிருந்தது. வாயைத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, அருள்நாயகியின் குரல் வந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டியளெண்டால். அதன் பின்னால் மண்டபம் விசாரிக்கும் வாணியின் குரல் வந்தது. ஒரே அடியில் குழி போட்டுவிட்டு நிற்பதைவிடப் பெரிய வெற்றி கோல்ஃபில் கிடையாது. ஆறு மாதம் பழகிய மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முன்னால், அதுவும் நாள் குறிக்கிற வாரத்தில்.

தேவராசா திறந்த வாயை மூடினார். பந்தை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். அவ்வளவுதான், முடிந்தது. அழுகை வருகிறதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

ஜம்புநாதன் தன் பந்தைப் பல அடியில் ஒருவாறு பச்சைத் தரையின் ஓரம்வரை கரைசேர்த்துக்கொண்டு வந்தார். "உங்களோடது எங்க சார்?"

"இலைக்குள்ள போட்டுது டொக்டர். காணேல்லை. விடுங்கோ."

"விடறதா? அது எப்படி விடறது?"

தோல் பையைக் கீழே போட்டார். கட்டம் போட்ட காற்சட்டையோடு ஈர இலைக்குள் முழங்காலில் இறங்கினார். இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தேடினார். "நீங்க இன்னிக்கு என்னமா ஆடறீங்க! ஒரு பந்து போய் உங்க ஆட்டத்தைக் கெடுக்கறதா? கிடைக்காம நான் நகர மாட்டேன்." வெள்ளைக் கையுறை மண்ணிறமாகிவிட்டது. தேவராசாவும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் குனிந்து, தன் பைக்குள் இருக்கிற பந்தை இலைக்குள் தேடினார். குனியும்போதெல்லாம் அது தொடையில் உறுத்தியது. இந்த நல்ல மனிதரை இப்படி மண் கிளற வைக்கிறேனே என்று அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"டொக்டர், தேடினது காணும். எழும்புங்கோ. தயவுசெய்து எழும்புங்கோ."

ஜம்புநாதன் மூச்சு வாங்க எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு பச்சைத் தரைக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பது வருடம் எக்ஸ்ரே படத்தில் மயிரிழை வெடிப்பைத் தேடிய கண்.

தரை முழுக்க வெள்ளையாகப் பனி. அதில் இடது ஓரத்திலிருந்து கரும்பச்சையாக ஒரு கோடு புறப்பட்டு, சற்றே வளைந்து, நேரே குழிக்குள் போய் முடிந்திருந்தது. பக்கத்தில் ஒரு சோடிச் சப்பாத்துத் தடம் குழிவரைக்கும் போய்த் திரும்பியிருந்தது.

தேவராசாவும் அப்போதுதான் அதைப் பார்த்தார். வருடா வருடம் ஆசையாகப் பார்க்கிற கோடு இன்றைக்கு மட்டும் மறந்து போயிருந்தது.

"சார்," என்றார் ஜம்புநாதன் மெதுவாக. "உங்க பாக்கெட்ல என்ன இருக்கு?"

கையும் களவுமாகப் பிடிபட்ட தேவராசா பந்தை எடுத்துக் காட்டினார். பொட்டு வெளியே தெரிந்தது.

"ஒரே அடியிலயா?"

"ஓம்."

"இதை எதுக்கு மறைச்சீங்க?"

தேவராசா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "மனிசி தோத்திட்டு வரச் சொன்னவ. நீங்கள் மாப்பிள்ளை பகுதி... இந்தியாவில மாப்பிள்ளை பகுதியை வெல்லக் கூடாதெண்டு... அவ நாடகத்தில பாத்தவ."

ஜம்புநாதனுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

"எங்க வீட்ல நான் காபி கேட்டா, என் மனைவி கிரிஜா, 'பால் ஃபிரிட்ஜ்ல இருக்கு, போட்டுக்கோங்க'ன்னு சொல்லுவா. என்னைப் பார்த்தா பயந்தீங்க?" என்றார். "நீங்க ஜெயிச்சா எனக்கு என்னங்க கெட்டுப்போகும்? என் பையனுக்குப் பொண்ணு குடுக்கிறவர், இவ்வளவு பெரிய சந்தோஷத்தை என்கிட்ட மறைச்சு வெக்கறாரேன்னா, அதுதாங்க எனக்கு அவமானம்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர்."

"டாக்டரெல்லாம் ஆஸ்பத்திரியில. போடுங்க அதை. திரும்பக் குழிக்குள்ள போடுங்க, சம்பந்தி."

சம்பந்தி என்று அவர் அழைத்தது அதுதான் முதல்தரம். தேவராசா பந்தைக் கொண்டுபோய்ப் பழைய மாதிரியே பொட்டு மேலே தெரியக் குழிக்குள் வைத்தார். ஜம்புநாதன் தரையின் ஓரத்துக்குத் திரும்பிப் போய், கோட்டை மிதிக்காமல் அதன் பக்கத்தால் அடியடியாக நடந்து வந்து, இடுப்பில் கைவைத்துக் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்துவிட்டு ஒரு சத்தம் போட்டார். குளத்து வாத்துகளெல்லாம் ஒன்றாக எழும்பிப் பறந்தன.

தேவராசாவும் கத்தினார். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டதை அந்த இடத்தில் சொல்லிக்காட்ட ஆளில்லை.

கண்ணில் வெயில் குத்துகிறதென்று ஏழாவதை விட்டுவிட்டு எட்டாவது குழிக்குப் போயிருந்த கஸ்பர், யாருக்கோ மாரடைப்பு என்று நினைத்து ஓடி வந்தார். கோட்டைக் காட்டினார்கள், குழியைக் காட்டினார்கள். கஸ்பர் சப்பாத்துத் தடத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"டொக்டர், நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?"

"கோட்டையும் பார்த்தேன், குழிக்குள்ள பந்தையும் பார்த்தேன். முப்பது வருஷமா நான் படம் பார்த்துச் சொன்னதை எந்த கோர்ட்டும் தள்ளினதில்லை."

சம்பந்தி இப்படி அடித்துச் சொன்னதும் தேவராசாவுக்குப் பொறுக்கவில்லை. "பந்தை நான்தான் எடுத்துப் பைக்குள்ள போட்டுத் திரும்ப வைச்சனான்," என்று முழுக்கதையையும் ஒளிக்காமல் கொட்டிவிட்டார். நம்பினால் நம்பட்டும், விட்டால் விடட்டும் என்றிருந்தது. கஸ்பர் கோட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மறுபடி நடந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சரி, குடு கையை. விழுந்ததுதான். ஆனா மச்சான், நான் தொண்ணூற்றொன்பதில அடிச்சது இதைவிடத் தூரம்."

வெயில் ஏறியது. அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பனி கரைந்து கோடும் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் அடிகளை எண்ணவில்லை. மரத்தடியில் இருந்துகொண்டு, அருள்நாயகி கட்டித் தந்த வடையையும் இஞ்சித் தேநீரையும் மூன்று பேரும் முடித்தார்கள். ஜம்புநாதன் வேண்டுமென்றே இலைக் குவியல்களுக்குள்ளால் காலை இழுத்து இழுத்து நடந்தார்.

தேவராசா வீட்டுக்குள் நுழையும்போதே அருள்நாயகி கேட்டார். "தோத்தியளோ?"

"எண்ணேல்லை."

"எண்ணேல்லையோ? அதென்ன கதை?"

அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டார். தொலைபேசி அடித்தது. ஜம்புநாதன்தான். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாமல், வழியில் காரை நிறுத்திவிட்டு எடுத்திருந்தார். அருள்நாயகி, "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டு நின்றார். மறுமுனைக் குரல் நடைவழி முழுக்கக் கேட்டது. குழி, கோடு, பாக்கெட், நாடகம் எல்லாம் வந்தது. நாடகம் வந்த இடத்தில் அருள்நாயகியின் காது சிவந்தது. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருவதாகவும், தன் சம்பந்தி அந்தப் பந்தை எல்லாருக்கும் காட்ட வேண்டுமென்றும், கல்யாணத்தைத் தையிலேயே வைக்க வேண்டும், ஒக்டோபரில் வைத்தால் இரண்டு அப்பாக்களும் வரமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

தேவராசா ஒரு சப்பாத்தைக் கழற்றிய கோலத்தில் நின்றார்.

"எங்க பந்து?" என்றார் அருள்நாயகி.

எடுத்துக் கொடுத்தார். அவர் அதைக் குசினிக்குக் கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து, சிவப்புப் பொட்டு அழியாமல் பார்த்துக்கொண்டார். சாமி அலுமாரியைத் திறந்து பிள்ளையாருக்குப் பக்கத்தில் அது உருளாமல் இருக்க இரண்டு பூவை முட்டுக் கொடுத்து வைத்தார். அதன் பிறகுதான் திரும்பினார்.

"பத்து வருசமா இதுக்குத்தானே போய் வந்தனீங்கள்?"

"ஓம்."

"பிறகேன் பைக்குள்ள போட்டனீங்கள்?"

"நீர்தானே தோக்கச் சொன்னனீர்."

"தோக்கத்தான் சொன்னனான். உங்களுக்குக் கிடைச்சதை ஒளிக்கச் சொன்னனானோ?" குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க அவர் அலுமாரிக் கதவை இரண்டாம் தரம் சாத்தினார்.

அன்றைக்கு மாலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் தொலைக்காட்சி போடப்படவில்லை. அருள்நாயகி கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்துகொண்டு, "சரி, முதல்ல இருந்து சொல்லுங்கோ. வெயில் எந்தப் பக்கம் நிண்டது?" என்று கேட்டார்.